வரிசை இடைவெளியும் வெண்பூசண நோயும்: சோயா, பீன்ஸ் வயல்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வட மத்திய மாநிலங்களில் சோயா மொச்சை பயிரிடுவோர், வரிசைக்கு வரிசை விட்டுவந்த 76 செ.மீ. இடைவெளியை 1980களிலும் 1990களிலும் 38 செ.மீ. ஆகவும், பல இடங்களில் தானியம் விதைக்கும் கருவியைக் கொண்டு 19 செ.மீ. ஆகவும் குறைத்தனர். அவர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. வரிசைகள் நெருங்கினால் இலைகள் விரைவில் நிலத்தை மூடும்; வெறுந்தரையில் வீணாகும் வெயில் குறையும்; களைகள் தலைதூக்க இடமிராது; வளர்பருவம் குறுகிய அந்த வட பகுதிகளில் விளைச்சல் கூடும். நோய் இல்லாத ஆண்டுகளில் விளைச்சல் கூடவும் செய்தது. ஆனால் அதே காலத்தில், அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்ட வெண்பூசணத் தண்டழுகல், அப்பகுதிச் சோயாவின் முதன்மையான நோய்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2009-ஆம் ஆண்டின் குளிர்ந்த கோடையில் அது பெருஞ்சேதம் விளைவித்தது.

குறுகிய வரிசைதான் இதற்கு ஒரே காரணம் என்று தீர்ப்பளிக்க இடமில்லை. மழையும் குளிர்ச்சியும் மிகுந்த கோடைகள், நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகங்கள், அளவுக்கு மீறிய விதையளவு ஆகிய யாவும் இதில் சேர்ந்தே இயங்கின. ஆயினும் செடிகளுக்கு இடையிலான இடைவெளி ஒரு பூசண நோயை எந்த வழியாக வளர்க்கிறது, எந்த வழியாகத் தடுக்கிறது, அதன் வலிமை எந்த இடத்தில் முடிந்துபோகிறது என்ற மூன்றையும் ஒருசேரக் காட்டும் நிகழ்வு வயற்பயிர்களில் இதைப் போல் வேறொன்று கிடைப்பது அரிது. இடைவெளி என்றாலே காற்றோட்டம், காற்றோட்டம் என்றாலே நோயின்மை என்ற எளிய சூத்திரத்தோடு நின்றுவிடுகிற பரிந்துரைகள் மலிந்திருப்பதால், இந்த ஒரு நிகழ்வையாவது அடிவரை பார்ப்பது பயனுள்ளது.

நோய் நடக்கும் விதம்

இந்நோயை உண்டாக்கும் பூசணத்தின் பெயர் ஸ்கிளிரோட்டினியா ஸ்கிளிரோட்டியோரம். நானூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கவல்லது. பீன்ஸ், சோயா, சூரியகாந்தி, கடுகு இனப் பயிர்கள் எல்லாம் இதன் இலக்குகளே. நெல், கோதுமை, மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்கள் பொதுவாக இதற்கு ஆட்படுவதில்லை. நோயுற்ற தண்டின் மேலும் உள்ளும் பஞ்சு போன்ற வெண்ணிற இழைகள் படர்ந்து, அவை திரண்டு எலிப்புழுக்கையின் வடிவில் கறுத்த கடினமான உறக்க முடிச்சுகளாக மாறும். ஸ்கிளிரோஷியா எனப்படும் இம்முடிச்சுகள் அறுவடையின்போது நிலத்தில் விழுந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

இங்கிருந்து நோய் மேலெழும் முறைதான் இடைவெளியைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்கிறது. மேல்மண்ணில், பெரும்பாலும் 5 செ.மீ. ஆழத்துக்குள் கிடக்கும் முடிச்சுகள், மண் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஈரம் காயாமலும் அதிகம் சூடேறாமலும் இருந்தால், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறு கிண்ணக் காளான்களை முளைக்கவிடுகின்றன. அந்தக் கிண்ணங்களிலிருந்து பூசணத்தின் நுண்ணிய வித்துக்கள் (ஸ்போர்கள்) இலட்சக்கணக்கில் காற்றில் தெறிக்கின்றன. ஆனால் அவ்வித்துக்களால் நலமான பச்சைத் தண்டையோ இலையையோ நேரடியாகத் துளைத்து நுழைவது கடினம். அவற்றுக்கு முதல் இரையாக வாடிய திசு வேண்டும். உதிரும் பூவிதழ்களே அந்த இரை. இதழில் முளைத்து வலுப்பெற்ற பூசணம், அந்த இதழ் ஒட்டிக் கிடக்கும் கணுவையோ காயையோ பற்றுகிறது. அதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் அளவுக்குத் தொடர்ந்த ஈரம் தேவை. பற்றியபின் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து திசுவைக் கொன்றுகொண்டே முன்னேறுகிறது.

ஆக, நோய் கடக்க வேண்டிய வாயில்கள் மூன்று: மண் மேற்பரப்பு நிழலிலும் ஈரத்திலும் நீண்ட நாள் இருக்க வேண்டும், அந்த நாட்களில் செடி பூத்திருக்க வேண்டும், பூ உதிர்ந்து கிடக்கும் இடம் காயாமல் இருக்க வேண்டும். செடிகளின் இடைவெளி முதல் வாயிலிலும் மூன்றாவதிலும் நேரடியாகக் கை வைக்கிறது. இரண்டாவது வாயிலைப் பொறுத்தவரை அது செய்வது மறைமுகமானது: பூப்பதற்கு முன் இலைக்கூரை (வரிசைகளின் இலைகள் கூடி நிலத்தின் மேல் அமைக்கும் கூரை) மூடுமா, பூத்து முடிந்தபின் மூடுமா என்பதை அது தீர்மானிக்கிறது. இந்த நிகழ்வு முழுவதிலும் மையமான கூறு இதுவே என்பது என் முடிவு.

பீன்ஸ் வயல்களில் கிடைத்த முதற் சான்று

சோயாவில் இந்நோய் பேசப்படுவதற்கு முன்பே, நெப்ராஸ்கா மாநிலத்தின் பாசன வயல்களில் விளைந்த உலர் பீன்ஸில் இதே பூசணம் பெருந்தொல்லையாக இருந்தது. அங்கே பயிரான கிரேட் நார்தர்ன் வகை வெள்ளை பீன்ஸில் பல ரகங்கள் கொடியோடித் தரையில் படரும் இயல்புடையவை. ஸ்டெட்மன், காய்ன், குக் ஆகிய ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்ட முடிவு, வரிசை இடைவெளியை அகலமாக்குவதும், ஒரு கட்டத்தோடு வளர்ச்சி நின்றுவிடும் புதர்ச்செடி வகையைத் தேர்ந்தெடுப்பதும் இந்நோயின் கடுமையைக் குறைக்கின்றன என்பதாகும். இந்த இரண்டும் ஒன்றாகச் சொல்லப்பட்டது தற்செயலானதன்று. கொடியோடும் ரகத்தை எவ்வளவு அகலமான வரிசையில் விதைத்தாலும், கொடிகள் நீண்டு இடைவெளியை நிரப்பிவிட்டால் சில வாரங்களில் அகலத்தின் பயன் அழிந்துவிடுகிறது. இடைவெளி என்பது விதைக்கும் நாளில் அளக்கும் அளவு. நோயைத் தீர்மானிப்பதோ பூக்கும் நாளில் எஞ்சி நிற்கும் திறப்பு. இரண்டுக்கும் நடுவே இருப்பது செடியின் வளரியல்பு.

அடுத்து 1978-இல் பிளாட், ஸ்டெட்மன், வைஸ் ஆகியோர் இலைக்கூரையின் அமைப்பையும் பாசனத்தையும் சேர்த்து ஆராய்ந்தனர். அடர்ந்த கூரையுள்ள பயிருக்கு அடிக்கடி நீர் பாய்ச்சியபோது, கூரைக்குள் வெப்பம் தணிந்து, இலைகள் நனைந்திருக்கும் நேரம் நீண்டு, நோய் கடுமையானது. திறந்த அமைப்புடைய செடிகளில் அந்த அளவுக்கு நோய் ஏறவில்லை. இந்த ஆய்வின் சிறப்பு, நோயை மட்டும் எண்ணிவிட்டு நிற்காமல், செடிகளுக்குள் நிலவும் நுண்காலநிலையையும் அளந்து இரண்டையும் இணைத்துக் காட்டியதில் இருக்கிறது. இடைவெளியைப் பற்றிய பல பரிந்துரைகளில் இன்றும் இந்த இணைப்பு விடுபட்டுப்போகிறது; அகல வரிசையில் நோய் குறைந்தது என்ற முடிவு மட்டும் ஊரூராகப் பயணம் செய்கிறது, அது எந்த ஈரத்தில், எந்தப் பாசனத்தில், எந்தச் செடி வடிவத்தில் குறைந்தது என்பது கூடவே போவதில்லை.

இலைக்கூரைக்குள் மாறுவது என்ன

வரிசைகள் திறந்திருக்கும் வயலில் காலை வெயில் தரைவரை இறங்குகிறது. மண்ணின் மேல் ஓரிரு சென்டிமீட்டர் பகுதி பகலில் காய்ந்துவிட்டால், அங்கே கிடக்கும் முடிச்சு முளைப்பதற்கு வேண்டிய தொடர் ஈரம் அறுபடுகிறது. முழு வயலையும் உலர்த்த வேண்டியதில்லை, வேர்கள் இருக்கும் ஆழத்தில் ஈரம் இருக்கும்போதே மேற்பரப்பு காய முடியும் என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. பூசணத்துக்கும் பயிருக்கும் தேவையான நீர் வெவ்வேறு ஆழங்களில் இருக்கிறது என்ற இந்த உண்மைதான் இடைவெளியை ஒரு கருவியாகப் பயன்படுத்த வழிவிடுகிறது.

காற்றின் பங்கு வேறு. பனியும் மழைநீரும் இலையிலிருந்து ஆவியாவதற்கு வெப்பமும் வேண்டும், ஈரக்காற்றை அகற்றிப் புதுக்காற்றைக் கொண்டுவரும் அசைவும் வேண்டும். மூடிய கூரைக்குள் இரண்டுமே குறைவு. மேலே உள்ள இலைகள் காலையிலேயே காய்ந்துவிட, கீழ்க்கணுக்களில் சிக்கியிருக்கும் பூவிதழ்கள் நண்பகல் தாண்டியும் நனைந்திருக்கும். வயல் ஓரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் காய்ந்ததாகத் தோன்றும். நோய் தொடங்கும் உயரத்தில் அது காய்ந்திருக்காது. இலை ஈரத்தை மதிப்பிட வேண்டுமானால் குனிந்து, செடிகளை விலக்கி, அடித்தண்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. அகல வரிசைகளை அப்பகுதியில் வழக்கமாக வீசும் காற்றின் திசைக்கு ஒத்தபடி அமைக்கச் சொல்வதும் இதனால்தான்.

பூசணக்கொல்லி தெளிப்பிலும் இடைவெளி தலையிடுகிறது. பாதுகாக்கப்பட வேண்டிய பூக்கள் சோயாவில் பெரும்பாலும் கூரைக்குள் கணுக்களை ஒட்டியே இருக்கின்றன. மூடிய கூரையின் மேல் தெளித்த மருந்தில் கணிசமான பகுதி மேலிலைகளோடு நின்றுவிடுகிறது. ஆகவே நெருங்கிய வரிசை நோயை வளர்ப்பதோடு, அதற்கான மருந்தையும் வலுவிழக்கச் செய்கிறது.

வரிசையா, எண்ணிக்கையா

இந்த நிகழ்வில் மிகுதியாகக் குழப்பப்படும் இடம் இது. ஹெக்டேருக்கு மூன்று இலட்சம் செடிகள் என்று வைத்துக்கொண்டால், 76 செ.மீ. வரிசையில் மீட்டருக்குச் சுமார் 23 செடிகள், அதாவது செடிக்குச் செடி 4 செ.மீ.க்குச் சற்று மேல். அதே எண்ணிக்கையை 38 செ.மீ. வரிசையில் பரப்பினால் மீட்டருக்குச் சுமார் 11 செடிகள், செடிக்குச் செடி ஏறத்தாழ 9 செ.மீ. ஆக, வரிசையை அகலமாக்கினால் செடிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன என்பது பாதி உண்மையே. வரிசைக்குள் அவை முன்னிலும் நெருங்குகின்றன. நோயுற்ற தண்டு பக்கத்துத் தண்டில் சாய்ந்து தொடும்போது இழைகள் வழியாகவும் நோய் தாவும். அகல வரிசையில் அந்தத் தாவல் வரிசையோடு ஓடுகிறது, குறுக்கே அடுத்த வரிசைக்குப் போவது தடைப்படுகிறது. சோயாவில் நோயின் பெரும்பகுதி வித்துக்களிலிருந்து தொடங்குவதால், இந்த வரிசைவழித் தாவலால் ஏற்படும் இழப்பைவிட வரிசைக்கு இடையிலான திறப்பால் வரும் ஆதாயம் மேலோங்குகிறது. தொடுதலாலேயே பரவும் நோய்களில் இந்தக் கணக்கு தலைகீழாகலாம்.

அக்காலத்தில் 19 செ.மீ. வரிசைக்கு மாறியவர்கள் வரிசையை மட்டும் நெருக்கவில்லை, விதையளவையும் கூட்டினர். ஹெக்டேருக்கு ஐந்து இலட்சம் விதைகளைத் தொட்ட வயல்கள் இருந்தன. பின்னாளில் அப்பகுதிப் பரிந்துரைகள், அறுவடைவரை ஹெக்டேருக்குச் சுமார் இரண்டரை இலட்சம் செடிகள் நின்றால் போதும் என்ற நிலைக்கு வந்தன. செடிகள் குறைந்தால் ஒவ்வொன்றும் கிளைத்து ஈடுசெய்கிறது. மிகுதியாக விதைத்த வயலிலோ செடிகள் வெயிலுக்குப் போட்டியிட்டு, மெலிந்து உயர்ந்து, காய் பிடிக்கும் பருவத்தில் சாய்கின்றன. சாய்ந்த பயிர் எந்த இடைவெளியில் விதைக்கப்பட்டிருந்தாலும் அது ஒரு மூடிய கூரைதான். இதனால், நோய் வரலாறு உள்ள வயலில் முதலில் குறைக்க வேண்டியது விதையளவு, அதன் பின்பே வரிசையின் அகலத்தைப் பற்றி யோசிக்கலாம் என்ற கருத்தை நான் வலுவாக ஏற்கிறேன். விதையைக் குறைப்பதற்குப் புதிய கருவி வேண்டாம். விளைச்சலில் அது கேட்கும் விலையும் சிறிது.

வரிசையை அகலமாக்குவதற்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. நோய் வராத, வறண்ட கோடையில் 76 செ.மீ. வரிசை விளைச்சலை இழக்கிறது, களையும் கூடுகிறது. நோய் வரும் ஆண்டில் அந்த இழப்பைவிடப் பெரிய இழப்பு தவிர்க்கப்படுகிறது. எந்த ஆண்டு எது என்பது விதைக்கும் நாளில் தெரியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய ஸ்போர்காஸ்டர் என்ற கைப்பேசிச் செயலி, பூக்கும் பருவத்தில் வானிலைத் தரவுகளைக் கொண்டு கிண்ணக் காளான் முளைக்கும் வாய்ப்பைக் கணிக்கிறது. அது பயனரிடம் கேட்கும் விவரங்களுள் வரிசை இடைவெளியும் ஒன்று. அதே வானிலை, 38 செ.மீ. வயலுக்கு ஓர் ஆபத்தையும் 76 செ.மீ. வயலுக்கு வேறோர் ஆபத்தையும் தருகிறது. தெளிப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு இது உதவும்.

பிற பயிர்களுக்கு இதை எடுத்துச் செல்லும்போது

நெல்லின் இலையுறைக் கருகல் நோயில் பூசணம் வேறு, அது பயணம் செய்யும் வழியும் வேறு. ரைசோக்டோனியா சொலானியின் முடிச்சுகள் சேற்றுழவின்போது நீரில் மிதந்து, நீர்மட்டத்தில் தூர்களின் இலையுறையில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து பூசண இழைகள் உறையின் மேல் ஏறி, ஓர் இலை மற்றோர் இலையைத் தொடும் இடமெல்லாம் பாலமாகக் கொண்டு குத்துவிட்டுக் குத்து (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகளின் தொகுதி) தாவுகின்றன. 28 முதல் 32 டிகிரி வெப்பமும், காற்று ஏறக்குறைய முழுமையாக ஈரத்தால் நிறைந்த நிலையும் அதற்கு உகந்தவை. இங்கே காற்றில் வரும் வித்தும் இல்லை, பூவிதழ் என்ற இடைத்தளமும் இல்லை. எத்தனை இடங்களில் இலைகள் தொட்டுக்கொள்கின்றன என்பதே முதன்மையான கேள்வி.

20-க்கு 10 செ.மீ. நடவில் சதுர மீட்டருக்கு 50 குத்துகள்; 25-க்கு 25 செ.மீ. நடவில் 16 மட்டுமே. எண்கள் மூன்று மடங்கு வேறுபட்டாலும், அகல நடவில் ஒவ்வொரு குத்தும் மிகுதியாகத் தூர்கட்டி இடத்தை நிரப்ப முயல்வதால், முற்றிய பருவத்தில் தூர்களின் எண்ணிக்கையில் அந்த அளவு வேறுபாடு எஞ்சுவதில்லை. குத்துக்குக் குத்து தொடும் நாள் தள்ளிப்போகிறது என்பதே உறுதியான ஆதாயம். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் அந்த நாளும் முன்னே வந்துவிடுகிறது. இலையுறைக் கருகலை முழுமையாகத் தாங்கும் ரகம் இல்லாத நிலையில், இந்தத் தாமதம் சிறியதென்று தள்ளத்தக்கதன்று. ஆனால் அதைத் தழைச்சத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நாற்றழுகலில் தூரத்தின் விளைவு இன்னும் நேரடியானது. பர்டன், சில்வர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட சோதனையில், நெருக்கமாக முளைத்த நாற்றுகளிடையே பித்தியம் கிருமி விரைவாகவும், தள்ளி முளைத்தவற்றிடையே மெதுவாகவும் முன்னேறியது. அடுத்த வேரைத் தேடி மண்ணில் கடக்க வேண்டிய தூரமே அங்கே தடை.

கோதுமைக்கு வரும்போது திசை மாறுகிறது. கதிர்க்கருகலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூசணம் கதிர் பூக்கும் குறுகிய நாட்களில் தாக்குகிறது. பயிர் மெலிதாக நின்றால் செடிகள் பல தூர்களை விட்டு, முதற்கதிர் பூத்து முடிந்தபின்பும் பின்தூர்கள் ஒவ்வொன்றாகப் பூத்துக்கொண்டிருக்கும். தாக்கத்துக்கான வாயில் பல நாட்கள் திறந்துகிடக்கும். மருந்து தெளிக்க ஒரே நாளைக் குறிப்பதும் இயலாது. அதனால் கனடாவின் சமவெளி மாகாணங்களில், பூப்பு சீராக நடந்து முடியும்படி விதையளவைக் கூட்டவே பரிந்துரைக்கின்றனர். பூக்கும்போதே கதிரைத் தாக்கும் இன்னொரு பூசண நோயான எர்காட்டுக்கும் இதே காரணம் பொருந்தும். சோயாவில் செடியைக் குறைக்கச் சொல்லும் அதே தர்க்கம், கோதுமையில் செடியைக் கூட்டச் சொல்கிறது: இரண்டிலும் பார்க்கப்படுவது பூக்கும் நாட்களும் ஈர நாட்களும் எவ்வளவு நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதுதான்.

நோய் வரலாறு உள்ள வயலில்

மண்ணில் முடிச்சுகள் இருப்பது தெரிந்த வயலில் இடைவெளியைத் தனித்து நிற்கவிடுவது அதன் மேல் தாங்காத சுமையை ஏற்றுவதாகும். ஓரளவு தாங்கும் ரகம், சாயாத தண்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் மக்காச்சோளம் அல்லது கோதுமை என்ற சுழற்சி, பூக்கும் நாட்களில் பாசனத்தைத் தள்ளிப்போடுதல் ஆகியவற்றோடு சேரும்போதே அகல வரிசை முழுப் பயன் தருகிறது. விதைப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு மண்ணில் இடப்படும் கோனியோதைரியம் மினிட்டன்ஸ் என்ற எதிர்ப்பூசணம் முடிச்சுகளையே உண்டு குறைக்கிறது. சுழற்சியில் வரும் தானியப் பயிருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதன் அடர்ந்த கூரையின் நிழலில் முடிச்சுகள் முளைத்து, தாக்குவதற்கு ஏற்ற செடி கிடைக்காமல் வித்துக்களை வீணாக்குகின்றன. நெருக்கமான கூரையை நோய்க்கு எதிராகவே திருப்பும் வழி இது.

இரண்டு இடைவெளிகளை ஒப்பிட விரும்புவோர், ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே ரகத்தை, செடிகளின் எண்ணிக்கையை மாற்றாமல், வரிசையை மட்டும் மாற்றி, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல பட்டைகளாக விதைக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் அகலம், மறுபக்கம் முழுவதும் குறுக்கம் என்று விதைத்தால், தாழ்வான பகுதியில் தேங்கிய ஈரத்தை இடைவெளியின் விளைவாக எண்ணிவிட நேரும். முதற்பூ கண்ட நாள், வரிசைகளுக்கு நடுவே தரை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த நாள், கிண்ணக் காளான் முதலில் தென்பட்ட நாள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியே குறித்துவைக்க வேண்டும். அறுவடையின்போது நோயுற்ற செடிகளின் விழுக்காட்டோடு, நோயில்லாத பட்டைகளின் விளைச்சலையும் தனியே எடுக்க வேண்டும். இடைவெளியை அகலமாக்கியதற்குக் கொடுத்த விலை அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது.